கேனுக்குள் வராதது

எங்கள் லேபில் இருக்கும் மிஷினைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் சொந்தக்காரர்கள் பலரைவிட அது நேர்மையானது. கொடுத்ததை அளந்து சொல்லும். கொடுக்காததைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இந்தச் சின்ன விஷயத்தை ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கரடியாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். யார் காதில் விழுகிறது?

வீட்டில் காலியான இருமல் மருந்து பாட்டிலில் ஒருவர் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு வருவார். பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்த மருந்து அதில் கரைந்து ரிப்போர்ட்டில் சர்க்கரை எகிறும். "எனக்கு சுகரே கிடையாது, உங்க மிஷின்தான் கோளாறு" என்று கவுண்டரில் வந்து சத்தம் போடுவார். இன்னொரு அம்மா காலையில் பிடித்ததை ஜன்னலோர வெயிலில் காயவிட்டுச் சாயங்காலம் கொண்டுவந்து நீட்டுவார். அடுப்பில் கொதிப்பதைக் கலக்காமல் மேலாக ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, உப்பில்லை என்று இன்னொரு கை அள்ளிப் போடுகிறவர்கள்தான் இவர்கள் எல்லோரும். மிஷின் தப்பு செய்வதை நான் எப்போதாவது பார்த்திருக்கிறேன். மிஷினுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் மனிதர்கள் செய்யும் தப்பைத் தினமும் பார்க்கிறேன்.

ஊராருக்கு நடந்தவரை அது வெறும் எரிச்சலாக இருந்தது. என் வீட்டுக்குள் வந்தபோது அதில் என் கணவரின் உயிர் மாட்டிக்கொண்டது.

என் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவர். சத்தம் போடாத மனிதர். அவருடைய சிறுநீரகங்களும் அவரைப் போலவே சத்தம் போடாமல் செத்துப்போயின. தெரிந்தபோது டயாலிசிஸ் தவிர வேறு வழியில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊசி குத்திக் குத்தி இடது கையின் ரத்தக்குழாய் அடைபட ஆரம்பித்தது. வலது கையில் வழி ஏற்படுத்தினார்கள். அதுவும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுக்க வேண்டும், சீக்கிரம்.

அப்போதுதான் அத்தான் எழுந்து நின்றார். என் கணவரின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். எதைச் சொன்னாலும் மார்பைத் தட்டிச் சொல்கிற ஆள். டாக்டர் அறையில் என் மாமியார், அத்தானின் மனைவியான ஓரகத்தி, நான், கணவர், இரண்டு நர்சுகள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"என் தம்பிக்கு எதுக்கு யோசனை? ஒண்ணு என்ன, ரெண்டையும் எடுத்துக்கங்க!"

மாமியார் அழுதுவிட்டார். கணவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நானும் அழுதேன். அந்த அழுகையில் பாதி நன்றி, பாதி நிம்மதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் ரத்த வகையும் கணவருடையதும் ஒன்று. டாக்டரின் கண் என்னிடம் வந்து நின்ற நேரத்தில்தான் அத்தானின் குரல் எழுந்தது. "சின்னப் பொண்ணு இருக்கு, இவளை விடுங்க" என்று கணவரும் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

அத்தானுக்கு ரத்தம், ஸ்கேன் எல்லாம் நன்றாக வந்தன. பாக்கி ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள் முழுவதும் வெளியேறும் சிறுநீரைக் கேனில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நம் தசைகள் வேலை செய்யும்போது கிரியாட்டினின் என்ற கழிவு உண்டாகிறது. ஒரே ஆளுக்கு அது நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. ஒரு நாளில் எவ்வளவு வெளியே வந்தது என்று ரத்தத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சிறுநீரகத்தின் தெம்பு தெரியும். தானம் கொடுப்பவருக்கு மிஞ்சும் ஒன்று போதுமா என்று தீர்மானிக்கும் குழு இந்த எண் இல்லாமல் கையெழுத்துப் போடாது.

அத்தானிடம் கேனைக் கொடுக்கும்போது விளக்கமாகத்தான் சொன்னேன். "காலையில எந்திரிச்சதும் மொதல் தடவை போறத கேன்ல பிடிக்காதீங்க. அது நேத்து ராத்திரியோட கணக்கு. அதுக்கப்புறம் ஒரு சொட்டு விடாம கேனுக்குள்ள வரணும். மறுநாள் காலையில எந்திரிச்சதும் போறதையும் பிடிச்சிட்டா முடிஞ்சுது. புரிஞ்சுதா அத்தான்?"

"இதுல புரியறதுக்கு என்னம்மா இருக்கு? ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு பாடமா?" என்று சிரித்தார்.

முதல் கேன் வந்தது. எங்கள் குடும்பத்து ஆள் என்பதால் என்னோடு வேலை பார்ப்பவள்தான் அதை மிஷினில் ஏற்றினாள். எண்பது கிலோ எடை, நாள் பூராவும் கம்பி இழுத்து வேலை செய்கிற உடம்பு. ஒன்றரை கிராமுக்கு மேல் கிரியாட்டினின் வந்திருக்க வேண்டும். ஒரு கிராம்கூட இல்லை.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன்.

"அத்தான், எல்லாத்தையும் பிடிச்சீங்களா?"

"பிடிச்சேனே. வீட்ல இருந்தப்ப போனது எல்லாத்தையும் பிடிச்சேன்."

"வேலைக்குப் போனப்ப?"

"வேலைக்குக் கேனைத் தூக்கிட்டுப் போகச் சொல்றியா? லிஃப்ட்ல ஏறுறவன் எல்லாம் என்ன கேனு, என்ன கேனுன்னு கேப்பான்."

தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. நாளில் பாதியை ஏதேதோ கட்டிடத்துக் கழிப்பறைகளில் விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்தப் பாதிக்கும் மிஷின் மூன்று தசம இடம் வரை சுத்தமாக அளந்து கொடுத்திருக்கிறது. அந்த மூன்று இடங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ரிப்போர்ட்டின் அடியில் 'சேகரிப்பு முழுமையில்லை, மறுபடி எடுக்கவும்' என்று எழுதி அனுப்பினோம்.

இரண்டாவது கேனை விடுமுறை நாளில் பிடிக்கச் சொன்னேன். வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கேன் கழுத்துவரை நிரம்பி வந்தது. எனக்குச் சந்தோஷம். மிஷின் எண்ணைக் காட்டியதும் சந்தோஷம் போய்விட்டது. மூன்று கிராமை நெருங்கியிருந்தது.

கூட வேலை பார்ப்பவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது மனுஷனோடதா, எருமையோடதா?"

மறுபடி அத்தான் வீடு. இந்த முறை அத்தான் திருதிருவென்று விழித்தார். அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார்தான் மெல்ல வெளியே வந்தார்.

"போன தடவை கம்மியா இருக்குன்னு சொன்னியேன்னு பாத்தேன். சாயங்காலம் பாத்தா பாதி கேன்கூட ரொம்பல. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. அதான் பேரனையும் அதுலயே போகச் சொன்னேன்."

"அத்தை!"

"ஏண்டி கத்தறே? அவன் யாரு? அவங்க அப்பனோட ரத்தம்தானே? அப்பனுது கொஞ்சம், புள்ளையுது கொஞ்சம். ரெண்டும் ஒண்ணுதானே?"

கல்லூரிக்குப் போகும் அந்தப் பேரன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மாடிக்கு நழுவினான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமியார் தண்ணீரை ஊற்றியிருந்தால்கூடக் கெட்டுப்போயிருக்காது. மொத்த அளவால் பெருக்கித்தான் கணக்குப் போடுகிறோம், தண்ணீரின் பங்கு தானாக அடிபட்டுப்போகும். ஆனால் அவர் ஊற்றியது இன்னொரு ஆளை. பாசம் மிகுந்தவர்கள் கையில் கேனைக் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"பாத்தியா, மிஷின் ஒரு தடவை கம்மிங்குது, ஒரு தடவை ஜாஸ்திங்குது" என்றார் மாமியார், கொஞ்சமும் அசராமல். "எதுக்கும் அதை ஒரு தடவை ரிப்பேர் பாக்கச் சொல்லு."

அதற்கு நான் பதில் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அதற்கப்புறம் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைத்திருக்காது.

மூன்றாவது முறைக்கு ஒரு போருக்குத் தயாராவது போலத் தயாரானேன். வேலைக்குக் கொண்டுபோக வசதியாகச் சின்னக் கேன் ஒன்று, அதை மறைத்து எடுத்துப்போகக் கறுப்புப் பை, மூடியில் என் கையெழுத்தில் 'வேறு யாருக்கும் அனுமதியில்லை' என்று ஒரு சீட்டு. குளிர்சாதனப் பெட்டியில் பால் பக்கத்தில் இதை வைக்கவே விடமாட்டேன் என்று ஓரகத்தி நின்றாள். பெட்டியில் ஒரு தட்டையே அவளுக்குத் தெரியாமல் காலி செய்து, கடைசியில் தெரிந்து, அதற்கும் ஒரு சண்டை போட்டு வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை நானே நேரில் போய்க் கேனை வாங்கினேன். அத்தான் வாசல்வரை வந்து கொடுத்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. தூக்கிப் பார்த்தால் கனமும் இல்லை.

"இவ்ளோதானா அத்தான்?"

"அவ்ளோதாம்மா வந்துச்சு. நேத்து நல்ல வெயிலு. வேர்வையிலேயே போயிருக்கும்."

வெயிலில் தண்ணீர் குறையும், கழிவு குறையாது. கொஞ்சமாக இருந்தாலும் அடர்த்தியாக இருக்கும், கணக்கு நேராகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே லேபுக்குப் போனேன். நேராகவில்லை. முக்கால் கிராம். முதல் தடவையைவிடக் கம்மி.

எங்கள் பக்கத்தில் தப்பு இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். கேனைக் கலக்காமல் மேலாக எடுத்துவிட்டோமோ? கை வலிக்கும்வரை நானே கேனைக் குலுக்கினேன். புதிதாக ஒரு குழாயில் எடுக்கச் சொன்னேன். கூட வேலை பார்ப்பவள் மறுபடி ஏற்றினாள். அதே எண். அன்று காலையிலேயே அத்தானின் ரத்தமும் எடுத்திருந்தார்கள். அது பளிச்சென்று இருந்தது. முழுத் தெம்போடு இருக்கும் சிறுநீரகம் என்று ரத்தம் சொன்னது. பாதித் தெம்புதான் என்று கேன் சொன்னது. ரத்தத்தை நர்ஸ் எடுத்தாள். கேனை அவர் நிரப்பினார்.

டாக்டர் மூன்று ரிப்போர்ட்டுகளையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். அவரும் பொறுமையின் விளிம்பில்தான் இருந்தார்.

"ஒரே ஆளுக்கு மூணு எண், மூணும் மூணு திசையில. இதை வெச்சிக்கிட்டு நான் குழுவுல என்ன சொல்றது? நாலாவது தடவை எடுங்க. அடுத்த வாரம் குழு கூடுது, அதை விட்டா ரெண்டு மாசம். உங்க வீட்டுக்காரர் கை அதுவரைக்கும் தாங்கும்னு என்னால உத்தரவாதம் குடுக்க முடியாது."

அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்து கணவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. "அண்ணனைத் திட்டாத. பாவம், வேலைய விட்டுட்டு அலையுறான்" என்றார். எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. நாலாவது கேனை எடுத்துக்கொண்டு, அத்தான் வேலை செய்துகொண்டிருந்த கட்டிடத்துக்குக் கிளம்பினேன்.

ஏழு மாடி அலுவலகக் கட்டிடம். 'லிஃப்ட் பழுது' என்று பலகை தொங்கியது. பழுது பார்க்கிற ஆளைப் பார்க்க வந்தவள் படியேறித்தான் போக வேண்டும் என்பது என் நேரம். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கியபடி என் கோபத்தையும் வளர்த்துக்கொண்டே போனேன். மேலே மோட்டார் அறையில் அத்தான் இல்லை. கதவு திறந்திருந்த லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். கீழே இருட்டில், நின்றிருந்த லிஃப்ட் பெட்டியின் தலைமேல் காலை அகட்டி நின்று, ஒரு கையால் கம்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். பார்த்த நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். என்னைப் பார்த்ததும் ஏணியில் ஏறி மேலே வந்தார்.

நான் ஆரம்பித்தேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. அவர் தம்பியின் கையைப் பற்றிக் கத்தினேன், குழுவைப் பற்றிக் கத்தினேன், வெயிலில் கிரியாட்டினின் ஆவியாகிவிடாது என்று கத்தினேன். கடைசியில் கேனை மோட்டார் அறைத் தரையில் டொக்கென்று வைத்தேன்.

"இது நாலாவது. இதுலயாச்சும் ஒழுங்காப் பிடிங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"வேணாம்மா." கையிலிருந்த கிரீஸைப் பழைய துணியில் துடைத்தார். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "இதுலயும் கம்மியாத்தான் வரும்."

அடுத்த வார்த்தைக்காகத் திறந்த வாயை மூடினேன்.

"இன்னும் ஒரு சொட்டுகூடப் பிடிக்கல. கம்மியா வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தான்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த நிமிஷம் அந்தப் பழைய துணியைப் பிடுங்கி அவர் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது.

"கொட்டினீங்களா?"

"காலையில எந்திரிச்சு, என் வீட்டுக்காரி முழிக்கறதுக்கு முன்னாடி பாதியக் கொட்டிட்டேன்." துணியைக் கசக்கினார். "மொத தடவை நெஜமாவே தெரியாமப் பண்ணதுதான். கம்மின்னு நீ வந்து சொன்ன பாரு, அப்ப உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு. அந்த நிம்மதியப் பாத்துத்தான் நானே பயந்துட்டேன். ரெண்டாவது தடவை, சரி, விதிப்படி நடக்கட்டும்னு ஒழுங்காத்தான் பிடிச்சேன். அம்மா அப்படிப் பண்ணி வெச்சிட்டாங்க. மூணாவது தடவை முடியல."

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி ரெண்டையும் எடுத்துக்கங்கன்னு மார்தட்டினது யாரு?"

"அன்னிக்கும் நெஜமாத்தான் சொன்னேன். சத்தியமா. வீட்டுக்கு வந்து படுத்தப்பதான் கத்தி ஞாபகம் வந்துச்சு."

"இத்தனை உயரத்துல கயித்துல தொங்கறீங்க, இது பயமில்லையா?"

"இங்க பிடிச்சுக்க ஏதாச்சும் இருக்கும்மா. மயக்க ஊசி போட்டுட்டா எதைப் பிடிச்சுக்கறது?"

நான் கேனின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவரை இந்த ஆள் மெல்ல மெல்லக் கொன்றுகொண்டிருக்கிறார் என்ற ஆத்திரம் ஒரு பக்கம். எதிரில் நிற்பவர் முகத்தில் இருந்த அவமானத்தைப் பார்க்கச் சகிக்காதது இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று விழுங்காமல் அப்படியே என் நெஞ்சில் நின்றன.

"நீயே சொல்லிடேம்மா" என்றார். "என் கிட்னி ஒத்துவராதுன்னு வந்திருக்குன்னு சொல்லிடு. உன் மிஷின் சொன்னா அம்மாவும் நம்புவாங்க, தம்பியும் நம்புவான்."

"என் மிஷின் பொய் சொல்லாது அத்தான்." என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "கொட்டினது நீங்க. பழியத் தூக்கி அது மேல போடாதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தானம் கொடுக்க மனமில்லாவிட்டால் கடைசி நிமிஷம்வரை விலகிக்கொள்ளலாம். டாக்டரிடம் தனியாகச் சொன்னால் போதும். அவர் வெளியே வந்து 'பொருந்தாது' என்று ஒரே வார்த்தைதான் சொல்வார், ஏன் என்று யாருக்கும் சொல்லமாட்டார். அதுதான் அங்கே முறை.

"தம்பிகிட்ட?"

"அவர்கிட்டயும் அதே ஒரு வார்த்தைதான்."

"நீ?"

"நான் எதுவும் கேக்கல, நீங்க எதுவும் சொல்லல."

கேனை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். ஏறும்போது இருந்த கோபத்தில் ஒரு துளியும் குறையவில்லை, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. நாலாவது மாடியில் நின்று அழுதேன். யாரோ ஒரு பெண் கோப்புகளோடு மேலே ஏறியபடி, லிஃப்ட் எப்போது சரியாகும் என்று என்னிடம் கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து அத்தான் டாக்டரைத் தனியாகப் பார்த்தார். பிறகு டாக்டர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, "இவர் பொருந்தமாட்டார். வேற வழி பாக்கணும்" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று கேட்ட மாமியாருக்கு, "மருத்துவக் காரணம்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். ஆஸ்பத்திரி நடைபாதைக்கு வந்ததும் மாமியாரின் அழுகை என் பக்கம் திரும்பியது.

"மூணு தடவை மூணு விதமாச் சொன்ன மிஷின்! அதை நம்பி என் புள்ளைய வேண்டாம்னுட்டாங்க. வேற லேப்ல பாத்திருக்கணும். இவ வேலை பாக்கற இடமாச்சேன்னு நம்பினோம் பாரு, நம்மளச் சொல்லணும். எங்க தப்பு நடந்துச்சோ, யாரு அலட்சியமோ!"

ஓரகத்தி என்னைக் குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அத்தான் தரையில் எதையோ தேடுவது போலக் குனிந்து நின்றார். ஒரே ஒரு வாக்கியம், அது என் நாக்கின் நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் என் மிஷினின் மானம் திரும்பியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"விடும்மா, அவ என்ன பண்ணுவா" என்றார் கணவர். அவர் என் பக்கம் பேசியதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. எனக்காகப் பேசும் நிலையிலா இருக்கிறார் இந்த மனிதர்?

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து நாலாவது கேனை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன்.

"நாளைக்கு இது எனக்கு" என்றேன்.

"வேணாம்" என்றார். "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா பொண்ணை யாரு பாக்கறது?"

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா மட்டும்? நான் உங்ககிட்ட அனுமதி கேக்கலீங்க. இது ஃப்ரிட்ஜ்ல இருக்கும், தெரியாம எடுத்துடாதீங்கன்னு தகவல் சொல்றேன்."

மகள் ஸ்கெட்ச் பேனாவை எடுத்துவந்து கேனின் மேல் 'குடிக்காதீர்கள்' என்று எழுதி, கீழே ஒரு மண்டையோடும் வரைந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சத்தமாகச் சிரித்தார்.

மறுநாள் காலை முதல் தடவை போனதை விட்டுவிட்டு அதன் பிறகு பிடிக்க ஆரம்பித்தேன். கேனைக் கறுப்புப் பையில் போட்டு லேபுக்கு எடுத்துப்போய் என் மேஜைக்கு அடியில் வைத்தேன். மதியம்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மதியம் கூட்டம் அதிகம். கவுண்டரில் ஒருவர் இருமல் மருந்து பாட்டிலோடு வந்து நின்றார். அவரோடு வழக்கமான சண்டை, வழக்கமான விளக்கம். நடுவில் அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடினேன். வெளியே வந்து கை கழுவும்போது ஒவ்வொரு தடவையும் கேன் பையை மாட்டும் சுவர்க் கொக்கியில் அது இல்லை என்பதைக் கவனித்தேன். கேன் என் மேஜைக்கு அடியிலேயே இருந்தது.

மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். சலித்துக்கொண்டேன். தண்ணீர் கைமேல் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு இன்னொன்றும் நினைத்தேன். மறந்தேனா? அன்று காலை பஸ்ஸில் வரும்போது வழி முழுக்கக் கத்தியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். விலாவுக்குக் கீழே எங்கே வெட்டுவார்கள் என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். மகளின் தலையை எனக்குப் பதிலாக யார் வாரிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நான், ஒரு சொட்டு விடக் கூடாது என்று அத்தானைக் காய்ச்சி எடுத்த நான், கேனைத் தாண்டி நடந்து போயிருக்கிறேன். அந்தப் பை என் காலில் இடித்திருக்க வேண்டும். இடித்ததா, இல்லையா? என்னால் சொல்ல முடியவில்லை.

யாருக்கும் தெரியாது. மீதியைப் பிடித்துக் கொடுத்தால் மிஷின் அதைச் சுத்தமாக அளந்து ஓர் எண்ணைக் கொடுக்கும். எண் கொஞ்சம் குறைவாக இருக்கும். டாக்டர் உதட்டைப் பிதுக்குவார். மருத்துவக் காரணம். மாமியார்கூட என்னைக் குறை சொல்லமாட்டார், மிஷினைத்தான் சொல்வார். குழாயை மூடினேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கேனை எடுத்துப்போய்க் கழிப்பறையில் கவிழ்த்துக் கழுவினேன். மண்டையோட்டுக்குக் கீழே ஒரு சீட்டை ஒட்டி, அடுத்தவர்களுக்கு எழுதி எழுதிப் பழகிய அதே வார்த்தைகளை எனக்கும் எழுதினேன். சேகரிப்பு முழுமையில்லை, மறுபடி எடுக்கவும். பிறகு அத்தானுக்குப் போன் செய்தேன். ரொம்ப நேரம் அடித்த பிறகுதான் எடுத்தார்.

"அத்தான், நாளைக்கு எனக்கு லீவு. நீங்களும் லீவு போடுங்க. எங்க வீட்டுக்கு வந்து கூடத்துல உக்காரணும்."

"எதுக்கும்மா?"

"நான் பாத்ரூம் பக்கம் போகும்போதெல்லாம் 'கேன் எங்கே'ன்னு சத்தமாக் கேக்கணும். மறுநாள் காலையில கேனை நீங்கதான் லேபுக்கு எடுத்துட்டு வரணும், நான் தொட மாட்டேன்."

"ஐயோ, என்னம்மா இது, கூச்சமா இருக்கும்மா. அதுவும் என்னைப் போய்... என்னை எப்படி நம்பிக் கேக்கற?"

"வேற யாரைக் கேக்கச் சொல்றீங்க? எனக்கும் பயமா இருக்கு அத்தான். இன்னிக்கு நானும் விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் எங்கோ லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றார்.

"விடிஞ்சதும் வாங்க. மொதல் தடவை கணக்குல வராது, அதுக்கப்புறந்தான் வரும்."